விளக்குப் பெட்டியும் ஒரு ஸ்டூலும்

என்னை ஓர் இடத்தில் இருத்தி வைப்பது எங்கள் வீட்டில் யாராலும் ஆகாத காரியம். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு குசினிக்கும் வாசலுக்கும் நடந்தபடியேதான் சாப்பிடுவேன். தையல் வகுப்பைப் பாதியில் விட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பயிற்சியைப் பாதியில் விட்டேன். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஒப்பந்தம் முடிவதற்கு முன் வந்து இறங்கினேன். கல்யாணம் ஒன்றைத்தான் பாதியில் விடவில்லை. அது தொடங்கவே இல்லை. காலில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டவள் என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வருவதில்லை. சொல்லிவிட்டுச் சிரிப்பவர்களைப் பார்த்தால்தான் வரும்.

அப்படிப்பட்ட என் கையில் கோயில் பாஸ்காவின் விளக்குகளைக் கொடுத்தார் எங்கள் பள்ளிக்கூடத்து நாடக டீச்சர். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைக் கோயில் வளவில் மேடை கட்டி நடிப்பது எங்கள் கரையின் வழக்கம். ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமையில் புதனும் வெள்ளியும், இரண்டு மாலை. முன்பெல்லாம் நாலு டியூப் லைட்டைக் கட்டிவிட்டு, மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். இந்த டீச்சர் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். வெளியூர்க்காரி, என்னைவிட வயது நன்றாகக் குறைவு. ஒரு வசனத்தைத் தொடங்கினால் முடிக்கும்வரை நமக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவு நிதானம்.

"வெளிச்சமும் மேடையில ஒரு நடிகர்தான்" என்று கூட்டத்தில் சொன்னார். "அந்த நடிகரை ஆர் பார்த்துக்கொள்ளப் போறீங்க?"

யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு கூட்டமே ஊமையாகி இருக்கும் நேரம் எனக்குத் தாங்காது. "நான் பார்க்கிறன்" என்றேன். அந்த அமைதியை முடித்துவைக்கத்தான் சொன்னேன் என்றால் பாதிதான் உண்மை. அந்த வருஷம் ஆண்டவராகச் சிலுவையில் தொங்கப் போகிறவன் என் தம்பி. மிச்சப் பாதி அதுதான்.

தம்பி கடலுக்குப் போகிறவன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. வீட்டில் அவனும் நானும்தான். நான் குவைத்தில் இருந்த நேரம், காற்று திடீரென்று மாறி அவனுடைய ஃபைபர் போட் கவிழ்ந்தது. போட்டில் அவனும் அவனுடைய கூட்டாளியும். குப்புறக் கிடந்த போட்டின் இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவன். நங்கூரக் கயிற்றை நடுவால் போட்டு, ஆளுக்கொரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டார்கள். காற்றில் ஒருவன் குரல் மற்றவனுக்குக் கேட்கவில்லையாம். அதனால் இடைக்கிடை கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள். ஒருவன் இழுத்தால் மற்றவன் திருப்பி இழுப்பான். இருக்கிறேன் என்று அர்த்தம். தூரத்தில் ஊர்ச் சனம் கரையில் பிடித்துக்கொண்டு நின்ற டோர்ச் வெளிச்சம் ஒரு கோடு மாதிரித் தெரிந்ததாம். விடியப் போகும் நேரத்தில் இவன் இழுத்தான். கயிறு சும்மா வந்தது.

இதை அவன் எனக்கு ஒரேயொரு தடவைதான் சொன்னான். சொன்னபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுடைய வலது தோள் கழன்றிருந்தது. சிலாபத்து ஆஸ்பத்திரியில் அதைப் பொருத்தி, இன்னொரு தரம் கழன்றால் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தோளை வைத்துக்கொண்டு, போட்டைப் பிடித்துக் கிடந்த நேரத்தில் அவன் நேர்ந்திருக்கிறான், உயிரோடு கரை சேர்ந்தால் ஒரு வருஷம் பாஸ்காவில் சிலுவையில் தொங்குவேன் என்று.

"தோள் போனா ஆண்டவர் வந்து வலை இழுப்பாரா?" என்று கேட்டேன்.

"நேர்ந்தது நேர்ந்ததுதான் அக்கா" என்றான்.

எங்கள் ஊரில் நேர்த்தியோடு வாதாடி வென்றவர் கிடையாது. ஃபாதரே அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். தொங்கத்தான் போகிறான் என்றால் பக்கத்தில் நின்றாவது பார்ப்போம் என்று விளக்குக்குப் போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, மேடை வேலையில் பாதிக்கு மேல் காத்திருப்பது என்று. எனக்கென்று பார்த்துக் கிடைத்த வேலை.

முதல் நாளே டீச்சரோடு முட்டிக்கொண்டேன். மேடையில் வலது இடது என்றால் நடிகர் சனத்தைப் பார்த்து நிற்கும்போது அவருடைய வலது இடதாம். "சனம் எங்களுக்கு எதிரில, நான் சனத்தோட சேர்ந்து இருக்கிறன். என்ட வலதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். டீச்சர் சிரித்துக்கொண்டே என் கையில் கறுப்பு டேப் சுருளைத் தந்து, மேடைப் பலகையில் ஒவ்வொருவரும் நிற்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் குறி போடச் சொன்னார். குனிந்து குனிந்து குறி போட்டு முடித்தபோது வலதும் இடதும் தானாகப் புத்தியில் ஏறியிருந்தன.

சிலாபத்தில் கல்யாண வீடுகளுக்கு விளக்கு வாடகைக்குக் கொடுக்கும் ஒரு பொடியன் எங்களுக்குச் சாமான் தந்தான். தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் கதைப்பான். இந்த வேலைகளை நான் செய்கிறேன் என்றதும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு, "ஹரி அக்கா, செருப்புப் போட்டுக்கொண்டு தொடுங்க" என்று மட்டும் சொன்னான். ஹரி என்றால் சிங்களத்தில் சரி. பெட்டியில் இருந்து எடுத்த பிளக்குகளின் பித்தளைக் கால்கள் எங்கள் உப்புக் காற்றில் இரண்டு நாளில் பச்சை பிடித்துவிட்டன. மட்கடதாசி போட்டுத் தேய்த்தேன். தேய்க்கிற வேலை எனக்குப் பிடித்தது, கை சும்மா இருக்க வேண்டியதில்லை.

விளக்கைக் கீழே இருந்து மேலே அடித்தால் எவ்வளவு நல்ல மனிதனும் பேயாகத் தெரிவான். தலைக்கு நேர் மேலே தொங்கவிட்டால் கண் இரண்டும் குழியாகிவிடும். பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் இருந்து வந்தால்தான் முகம் முகமாக இருக்கும். இதையெல்லாம் பிலாத்து வேஷக்காரரைக் கதிரையில் இருத்தி வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். அவர் ஐஸ் கம்பனி வைத்திருப்பவர். ஃபோன் வந்துகொண்டே இருந்தது. முகத்தில் மஞ்சள் தாள் போட்ட வெளிச்சம் விழ, மீன் பெட்டிக் கணக்குக் கதைத்துக்கொண்டிருந்த பிலாத்துவை நான் மறக்க மாட்டேன்.

மேடைக்கு மேலே கட்டுகிற ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பிடியோடு நிற்காமல் இரண்டாவதாக ஒரு சங்கிலியும் போட வேண்டும். பின்திரையின் அடியில் மணல் நிரப்பிய சாக்குகளை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்திக் காற்றில் கல்வாரி மலையே எழுந்து கோயில் கூரைக்குப் போய்விடும். இவை சுலபம். கஷ்டமானது டிம்மர்ப் பெட்டி. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தடிகள் வரிசையாக உள்ள பெட்டி அது. மேடைக்குப் பக்கத்தில், கோயில் விறாந்தையில் ஒரு மேசை, அதன்மேல் அந்தப் பெட்டி, படிப்பதற்கு நீலத் தாள் சுற்றிய ஒரு சின்ன பல்ப், எனக்கு ஒரு ஸ்டூல். டீச்சர் 'தயார்' என்றால் தடியில் கை வைக்க வேண்டும். 'போ' என்றால்தான் அசைக்க வேண்டும். அந்தத் தயாருக்கும் போவுக்கும் இடையில் என் பிராணன் போய்விடும். ஒத்திகைகளில் நான் எப்போதும் முந்திவிடுவேன். யூதாஸ் முத்தமிடுவதற்குள் ஒலிவத் தோட்டம் இருண்டுபோகும். "அக்கா, அவர் காட்டிக்கொடுக்கட்டும், பொறுங்க" என்பார் டீச்சர், அதே நிதானத்தோடு. எழும்பி இரண்டு தரம் விறாந்தையில் நடந்துவிட்டு வந்து உட்காருவேன்.

எல்லாக் காட்சியிலும் பெரியது கடைசிக் காட்சி. எங்கள் கோயிலில் மரத்தில் செதுக்கிய பழைய சொரூபம் ஒன்று உண்டு, ஆள் உயரம். ஆண்டவர் சிலுவையில் உயிர் விட்டதும், அந்தச் சொரூபத்தைத்தான் சிலுவையில் இருந்து இறக்க வேண்டும். சனம் வரிசையில் வந்து முத்தமிட்டு அதன் பாதத்தை முத்தி செய்யும். அதுவரை தொங்குகிறவன் மனிதன், அதற்குப் பிறகு சொரூபம். மாற்றுவதைச் சனம் பார்க்கக் கூடாது. பழைய நாளில் சிலுவைக்கு முன்னால் ஒரு சேலையை இழுத்து மறைப்பார்களாம். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. முழு இருட்டு வேண்டும் என்றார். கடைசி வார்த்தை, தலை சாய்தல், நான் எல்லாத் தடியையும் கீழே இறக்குவேன். இருட்டில் இரண்டு படைவீரர் தம்பியின் கைக்கட்டை அவிழ்த்து அவனை இறக்க, இன்னும் இருவர் சொரூபத்தைக் கொண்டுவந்து ஏற்றுவார்கள். மறுபடி வெளிச்சம் வரும்போது வேலை முடிந்திருக்கும்.

தம்பிக்குக் காலடியில் ஒரு சின்னப் பலகை இருந்தது. ஆனால் கை இரண்டையும் துணியால் குறுக்கு மரத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள், அவனால் தானாக அவிழ்க்க முடியாது. தலை சாய்த்து முழங்காலை விட்டதும் பாரம் முழுதும் தோளுக்கு வரும். என் இருட்டு எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ, அவ்வளவு சீக்கிரம் தோள் தப்பும். ஒத்திகைகளில் அது ஒருபோதும் பிசகவில்லை. ஒத்திகை பார்க்கச் சனம் வரவில்லை என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை வளவு நிறையச் சனம். நான் யூதாஸைக்கூட முந்தவில்லை. கடைசி வார்த்தை வந்தது, தம்பியின் தலை சாய்ந்தது, டீச்சர் 'போ' என்றார், நான் தடிகளை இறக்கினேன். கறுப்பென்றால் கறுப்பு, என் மேசையின் நீல பல்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு கணம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு சனத்தின் நடுவில் இருந்து ஒரு பெண் குரல், சாதாரணமாக, "கரண்ட் போயிட்டு" என்றது.

எங்கள் கரையில் பொழுதுபட்ட பிறகு கரண்ட் போனால் யாரும் மெழுகுதிரி தேடுவதில்லை. வளவில் இருந்து பார்க்கத் தெரியாத, கடலைப் பார்த்த கோயில் முகப்பு விளக்குத்தான் போட்டுகளுக்குக் குறி. கடலுக்குள் கிடக்கும் பாறைத் திட்டான பாருக்கு நடுவில் உள்ள வாய்க்காலை அதைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். அது அணைந்தால், கையில் உள்ள டோர்ச்சையோ ஃபோனையோ கொளுத்திக்கொண்டு கரைக்கு ஓடிக் கடலைப் பார்த்துப் பிடிப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது கைப்பழக்கம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனாலும் டிம்மர்ப் பெட்டிக்கு முன்னால் இருந்தபோது அது எனக்கு நினைவு வரவில்லை. அன்று கடலில் போட்டுகள் இருந்தன.

கண்மூடித் திறப்பதற்குள் வளவு முழுதும் வெளிச்சம். ஆம்பிளைகள் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். மிச்சச் சனம் என்ன நடந்தது என்று பார்க்க டோர்ச்சை மேடைக்குத் திருப்பியது. மேடை நடுவில் இரண்டு ரோமப் படைவீரர், தோளில் மரச் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு, கூட்டுக்குள் அகப்பட்ட கோழி மாதிரி நின்றார்கள். அவர்களுக்கு மேலே சிலுவையில் என் தம்பி. "ரெண்டு ஆண்டவர்" என்று ஒரு பிள்ளை கத்தியது. சிரிப்பு எழும்பியது. படைவீரர் எல்லாரும் வெட்கத்தில் சொரூபத்தோடு பின்திரைக்குள் ஓடிவிட்டார்கள்.

தம்பியின் இடது கைக்கட்டை மட்டும் அவிழ்த்திருந்தார்கள். பாரம் முழுதும் வலது தோளில் தொங்கியது. முகம் கோணிப்போயிருந்தது, அது நடிப்பில்லை.

நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடினேன். வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. ஓடிய ஓட்டத்தில் பெரிய வயரில் கால் மாட்டி, பிளக் கழன்று, இப்போது உண்மையாகவே கரண்ட் போயிற்று. மேடையில் ஏறி, மரித்த ஆண்டவரின் கையை அவிழ்த்துக்கொண்டு, படைவீரரை நான் ஏசிய ஏச்சைச் சனம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. கட்டு எனக்கு அவிழவில்லை. படைவீரரில் ஒருவர் திரும்பி வந்து கத்தியால் அறுத்தார்.

தோள் கழலவில்லை. வீங்கியிருந்தது. வியாழன் காலையில் எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டேன்.

"மேல இருந்து பார்க்க அண்டைக்கு மாதிரியே இருந்திச்சு" என்றான். "அவ்வளவு டோர்ச். ஒரே கோடா."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"அந்த நேரம் உன்ட பெட்டிப் பக்கம் பார்த்தன். அந்த நீல பல்பு எரிஞ்சுகொண்டு இருந்திச்சு. ஸ்டூல்ல ஆள் இல்ல. பிறகு பல்பும் இல்ல."

"உன்னை அவிழ்க்கத்தானேடா ஓடி வந்தன்."

"அது தெரியும்" என்றான். "ஆனா ஆள் இல்ல."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவனுக்காக ஓடியதைக் குற்றம் என்பது போல் இருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போனேன். வெள்ளிக்கிழமை தொங்க வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லிப் பலனில்லை. புதன் அரைகுறையாக முடிந்ததால் நேர்த்தி இன்னும் தீரவில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான். இன்னொரு தடவை ஒரு கையில் தொங்கினால் அந்தத் தோள் போய்விடும்.

அன்று மாலை கோயில் மண்டபத்தில் கூட்டம். இருட்டை விட்டுவிட டீச்சருக்கு மனமில்லை. "வெள்ளிக்கிழமை ஒரு போட்டும் கடலுக்குப் போகாதுதானே. ஒருத்தரும் ஓடமாட்டாங்க. முதல்லயே மைக்கில சொல்லிடுவம்" என்றார்.

"என்ன சொல்றது டீச்சர்? ஆண்டவர் இப்ப மரிக்கப் போறார், கரண்ட் போகல்ல, பயப்படாதீங்க எண்டா?"

"சொன்னா விளங்கிக்கொள்ளுவாங்க அக்கா."

எனக்குப் பொறுமை இல்லை. எழும்பிப் போய் மண்டபத்துச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் அமத்தினேன். பிலாத்துவின் ஃபோன், படைவீரரின் ஃபோன், யூதாஸின் கீ செயினில் இருந்த குட்டி டோர்ச், எல்லாம் எரிந்தன. ஃபாதரின் அங்கிப் பைக்குள் இருந்தும் ஒரு வெளிச்சம் வந்தது. டீச்சர் ஒருவர்தான் இருட்டில் இருந்தார். சுவிட்சைப் போட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

சரி, இருட்டு முடியாது. அப்படியென்றால் என்ன? நான் நடந்துகொண்டே இருந்தேன், இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. புதன்கிழமை மேடையில் நின்று ஏசியபோது முழு ஊரும் எனக்கு முன்னால் நின்றது. ஒரு முகமாவது எனக்குத் தெரிந்ததா? ஒன்றும் தெரியவில்லை. டோர்ச் வெளிச்சம் முழுதும் என் கண்ணில் இருந்தது. அதற்குப் பின்னால் ஆனையை நிறுத்தியிருந்தாலும் நான் கண்டிருக்க மாட்டேன்.

"சனத்தின்ட கண்ணில அடிப்பம்" என்றேன்.

மேடை விளிம்பில், கீழே, சனத்தைப் பார்த்து இரண்டு பெரிய ஹெலஜன் லைட். ஆண்டவர் உயிர் விட்டதும் மேடை விளக்குகள் அணைய, அவை இரண்டும் எரிய வேண்டும். சனத்துக்கு வெள்ளை வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போது யாரும் டோர்ச்சைத் தேட மாட்டார்கள். டீச்சர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "இதை நான் படிச்சிருக்கிறன் அக்கா, பரீட்சைக்கும் எழுதியிருக்கிறன். நேற்று ஞாபகம் வரல்ல" என்றார். எனக்கு அவரை அன்றுதான் பிடித்தது. சிலாபத்துப் பொடியன் ஃபோனில், "ஹரி அக்கா, கொண்டுவாறன். ஆனா சனம் ஏசும்" என்றான்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் நடப்பது எனக்கும் தெரியாது. தம்பி இறங்கிவிட்டானா, சொரூபம் ஏறிவிட்டதா என்று தெரியாமல் எப்படி ஹெலஜனைக் குறைப்பது? குரல் கொடுக்க முடியாது. வீட்டில் தூண்டில் பெட்டியைக் கிளறி, தங்கூசி நூல் சுருளை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனேன். கண்ணுக்குத் தெரியாத நூல். ஒரு முனை அவன் கால் பெருவிரலில், மேடைப் பலகைக்குக் கீழால் வந்து மறுமுனை என் கையில். வலி தாங்காவிட்டால் பலமாக இழு, கடைசி வார்த்தை வராவிட்டாலும் நான் ஹெலஜனைப் போட்டுவிடுவேன். நீ இறங்கி, சொரூபமும் ஏறி முடிந்ததும் ஒரு தரம் இழு, நான் குறைப்பேன். இப்படிச் சொல்லிக்கொண்டே போனபோதுதான், நான் யாரிடம் எதைச் சொல்கிறேன் என்று எனக்கு உறைத்தது. நூலை மட்டும் அவனிடம் நீட்டினேன்.

அவன் நூலை விரலில் சுற்றிப் பார்த்தான். சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினான்.

"நீளமா விடு" என்றான். "இறங்கின பிறகும் நான் நடக்கவேணும்."

வெள்ளிக்கிழமை ஊர் முழுதும் வந்திருந்தது. பக்கத்து ஊரான உடப்பில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். புதன்கிழமைக் கதை பரவியிருந்ததால் சிரிக்கலாம் என்று வந்தவர்களும் இருந்திருப்பார்கள். நூலைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் இருந்தேன்.

சிலுவையில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே நூல் நடுங்கத் தொடங்கியது. இழுப்பு இல்லை, நடுக்கம். அவனுடைய கால் நடுங்குவது என் விரலுக்கு வந்துகொண்டிருந்தது. மேடையில் கள்வர் இருவரும் தங்கள் வசனத்தைச் சொன்னார்கள். எவ்வளவு நீளமான வசனம் அது, யார் எழுதினார்களோ. நடுக்கம் கூடியது. என் மற்றக் கை ஹெலஜன் தடியில் இருந்தது. ஓர் அங்குலம் தள்ளினால் போதும், அவனை இறக்கிவிடுவார்கள். நேர்த்தியாவது மண்ணாங்கட்டியாவது என்று இருந்தது. என் உடம்பில் உள்ள ஒவ்வொரு நரம்பும் தள்ளு தள்ளு என்றது. ஆனால் அவன் இழுக்கவில்லை. இழுக்கச் சொல்லியிருந்தேன், அவன் இழுக்கவில்லை. ஸ்டூலின் விளிம்பை இரண்டு காலாலும் கொளுவிப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி வார்த்தை வந்தது. தலை சாய்ந்தது. 'போ' என்றார் டீச்சர்.

வெளிச்சம் சனத்தின் முகத்தில் அடித்தது. எல்லாரும் கையை உயர்த்திக் கண்ணை மறைத்தார்கள். யாரோ ஏசினார், பொடியன் சொன்னபடிதான். ஒரு டோர்ச்சும் எரியவில்லை. எனக்கு மேடை தெரியவில்லை, சிலுவை தெரியவில்லை, நூல் தொய்ந்துபோய் விரலில் கிடந்தது. தொய்ந்தால் அவிழ்த்துவிட்டார்கள் என்று அர்த்தமா, தோள் போய்விட்டது என்று அர்த்தமா? நான் காத்திருந்தேன். சனம் அசையத் தொடங்கியது. டீச்சர் என் பக்கம் திரும்பினார், கண்ணால் கேட்டார். தலையை ஆட்டினேன், இன்னும் இல்லை. அவரை விட நான் நிதானமாக இருந்த ஒரே தடவை அது.

ஒரு இழுப்பு வந்தது.

ஹெலஜனைக் குறைத்தேன், மேடை விளக்கைக் கூட்டினேன், மெதுவாக, டீச்சர் படிப்பித்த மாதிரி. சிலுவையில் மரச் சொரூபம் தலை சாய்த்துத் தொங்கியது. கீழே யாரும் இல்லை. சிரிக்க வந்த சனமும் முழங்காலில் நின்றது.

சொரூபத்தை இறக்கி, முத்தி செய்யும் வரிசை தொடங்கியது. கடைசி ஆள் பாதத்தை முத்தி செய்து போகும்வரை நான் வெளிச்சத்தை வைத்திருக்க வேண்டும். நீண்ட வரிசை. அந்த நேரத்தில் நூல் மறுபடி இழுபட்டது. பின்திரைக்கு அப்பால் இருந்து, மெல்ல. நாங்கள் பேசிக்கொண்டதில் இப்படி ஒன்று இல்லை. தோள்தான் என்று நினைத்தேன். பாதி எழும்பிவிட்டேன். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த படைவீரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தோளுக்கு ஒண்டும் இல்ல. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

நூல் இன்னொரு தரம் இழுபட்டது.

நான் இருந்தேன். நூலைப் பிடித்து ஒரு தரம் திருப்பி இழுத்தேன். பிறகு ஸ்டூலைப் பெட்டிக்குக் கிட்டப் போட்டுக்கொண்டு, வரிசை முடியும்வரை வெளிச்சத்தைப் பார்த்தேன்.